துணைப்பாடமாக மெக்கானிக்கல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மைனர் டிகிரியாக மெக்கானிக்கல் எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். 'எடுக்கலாமா' என்று கேட்டவர்களும் உண்டு, எடுத்த பிறகு லேபில் கணக்கு உதைக்கிறது என்று எழுதியவர்களும் உண்டு.

இ.சி.இ. நான்காம் செமஸ்டர் முடிக்கப் போகிறேன். மெக்கானிக்கலில் மைனர் எடுக்கலாம் என்கிறார்கள். சுமை எவ்வளவு கூடும்? எந்தத் தாள்களை எடுப்பது?
– மாணவி, ஈரோடு

பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டுக்கு மேல் 18 முதல் 20 கிரெடிட் என்பது ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில்) வகுத்த அளவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் அது 18. மூன்று கிரெடிட் தாள் என்றால் 6 தாள். ஐந்து, ஆறு, ஏழாம் செமஸ்டர்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றிலும் 2 தாள், வாரத்துக்கு 6 மணி நேரம் கூடுதல் வகுப்பு. கேட்க லேசாகத்தான் இருக்கும். சிக்கல் டைம்டேபிளில் வரும். உங்கள் மைக்ரோபுராசசர் லேபும் அவர்கள் மேனுஃபாக்சரிங் வகுப்பும் ஒரே மதியத்தில் விழுந்தால் இரண்டில் ஒன்றுக்கு அட்டெண்டன்ஸ் போய்விடும். பெயர் கொடுப்பதற்கு முன்பு மெக்கானிக்கல் துறையின் ஐந்தாம் செமஸ்டர் டைம்டேபிளை வாங்கி உங்களுடையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதியில் விட்டால் அதுவரை எடுத்த தாள்கள் மார்க் ஷீட்டில் எப்படி வரும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனித் தாள்கள். மெக்கானிக்கலில் தாள்கள் சங்கிலி மாதிரி. ஸ்டாட்டிக்ஸ் (அசையாத பொருள்மேல் விசைகளின் சமநிலை) தெரியாமல் ஸ்டிரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் (பொருள் எவ்வளவு சுமை தாங்கும் என்ற பாடம்) ஓடாது, அது இல்லாமல் மெஷின் டிசைன் ஓடாது. உங்களைப் போல எலெக்ட்ரானிக்ஸிலிருந்து வருபவருக்கு எங்கள் பரிந்துரை இந்த வரிசை: முதலில் ஸ்டிரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், கூடவே மேனுஃபாக்சரிங் புராசஸ். அடுத்து மெட்ராலஜி (அளவியல்), கூடவே கேட் (CAD, கணினியில் வரையும்) வரைபடம். கடைசியில் மெஷின் எலிமென்ட்ஸ், ஹைட்ராலிக்ஸ்–நியூமாட்டிக்ஸ். முதலாண்டு படித்த இன்ஜினியரிங் கிராஃபிக்ஸைத் தூசு தட்டி வையுங்கள், ஆறு தாளிலும் அது வந்து நிற்கும்.

ஆனால் பல கல்லூரிகளில் மைனருக்கென்று தரும் பட்டியலில் இந்த அடிப்படைத் தாள்களே இருக்காது. ரோபாட்டிக்ஸ், பைப்பிங் டிசைன், கிரீன் மேனுஃபாக்சரிங் என்று மேல்மட்ட எலெக்டிவ்கள்தான் இருக்கும். அடித்தளம் போடாமல் மாடி கட்டுகிற கதை. அப்படியிருந்தால் ஆறாவது செமஸ்டருக்குள் ஸ்டிரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் சும்மா உட்கார்ந்து கேட்கவாவது அனுமதி வாங்குங்கள். கிரெடிட் வராது, ஆனால் மீதித் தாள்கள் புரியும். அனுமதியும் கிடைக்காது, பட்டியலில் லேப் உள்ள தாள் ஒன்றுகூட இல்லை என்றால், அந்த மைனர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மகன் அமெரிக்காவில் இயற்பியல் இளநிலை இரண்டாம் ஆண்டு. 'மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி' மைனர் எடுக்கிறேன் என்கிறான். அது இன்ஜினியரிங் தானே? விசாவுக்கு உதவுமா?
– ஒரு தாய், திருநெல்வேலி

இன்ஜினியரிங்கும் இன்ஜினியரிங் டெக்னாலஜியும் அங்கே தனித்தனிப் பட்டங்கள். இரண்டுக்கும் அங்கீகாரம் தருவது ஏபெட் என்ற ஒரே அமைப்புதான். ஆனால் அதற்குள்ளே இரண்டுக்கும் தனித்தனிக் கமிஷன். 1955-ல் வந்த கிரின்டர் அறிக்கைக்குப் பிறகு இன்ஜினியரிங் படிப்புகள் கணிதத்தையும் அறிவியலையும் நோக்கி நகர்ந்தன. பட்டறை, சோதனை, உற்பத்தி என்று மிச்சமான இடத்தில் டெக்னாலஜிப் படிப்புகள் வளர்ந்தன. அவற்றில் கால்குலஸ் குறைவு, லேப் அதிகம். அதைத் தாழ்வு என்று நினைக்க வேண்டாம். இயற்பியல் மாணவருக்குக் கணிதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இல்லாதது லேத்தும் வரைபடமும். அதைத்தான் இந்த மைனர் கொடுக்கும்.

மைனர் என்பது பெரும்பாலும் 18 முதல் 24 கிரெடிட். அதிலும் ஸ்டாட்டிக்ஸ், பிறகு ஸ்டிரெங்த், பிறகு மெஷின் எலிமென்ட்ஸ் என்று மூன்று செமஸ்டர் சங்கிலி ஒன்று இருக்கும். அதைச் சுருக்க முடியாது. சில தாள்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குவது சரி. இயற்பியலில் படித்த மெக்கானிக்ஸை ஸ்டாட்டிக்ஸுக்குப் பதிலாக ஏற்பார்களா என்று அவர் துறையில் கேட்கட்டும். ஏற்றாலும் டிரஸ், உராய்வு, சென்ட்ராய்டு ஆகிய மூன்றையும் தனியாகப் படித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகட்டும். இயற்பியலில் இவற்றை மேலோட்டமாகத் தொட்டிருப்பார்கள், டெக்னாலஜி துறையில் தெரிந்ததாக வைத்துப் பாடம் ஓடும். கட்டணத்தையும் பாருங்கள். ஒரு வரம்பு வரை ஒரே கட்டணம், தாண்டினால் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் தனிப் பணம் என்பது அங்கே பல இடங்களில் வழக்கம்.

விசா விஷயம்: படிப்பு முடிந்து வேலை செய்ய ஓ.பி.டி. என்ற அனுமதி, அதன்மேல் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவினருக்கு 24 மாத நீட்டிப்பு. அந்த நீட்டிப்புக்கு மேஜர்தான் கணக்கு, மைனர் கணக்கில் வராது. இயற்பியலே ஸ்டெம் பட்டியலில் இருப்பதால் உங்கள் மகனுக்கு இதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வணிகவியலோ வரலாறோ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் 'மைனர் எடுத்தால் ஸ்டெம் ஆகிவிடும்' என்று நம்பி இறங்க வேண்டாம்.

மைனரை வைத்து இன்ஜினியர் லைசென்ஸ் கேட்கவும் முடியாது. ஏபெட் அங்கீகரிப்பது முழுப் பட்டப் படிப்புகளை, மைனரை அல்ல. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு வேக்குவம் ஃபிளேஞ்சோ லென்ஸ் தாங்கியோ செய்ய வேண்டும் என்றால் பட்டறைக்குச் சரியான வரைபடம் கொடுக்கத் தெரிந்தவர் அவராக இருப்பார். ஒன்று மட்டும் முதல் நாளே பழகிக்கொள்ளட்டும்: அங்குள்ள பட்டறைகளில் அங்குலக் கணக்கு இன்னும் நடப்பில் இருக்கிறது. 'தவ்' என்று அவர்கள் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 25.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு).

அப்படியானால் நம்மூரில் பி.இ.க்கும் பி.டெக்.குக்கும் அதே வித்தியாசமா?
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. இங்கே அது பெயர் வேறுபாடு மட்டுமே. அமெரிக்கப் பிரிவினைக்குச் சமமான ஒன்று நம்மிடம் சரியாக இல்லை. கைவேலை அளவில் பார்த்தால் பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கு நெருக்கம், பாட அளவில் அதற்கு மேலே.

ஒரே பாகத்தை இரண்டு பாடப்புத்தகங்களில் வரைந்திருக்கிறார்கள். மேல்தோற்றம் ஒன்றில் கீழே இருக்கிறது, மற்றதில் மேலே. எது சரி?
– மாணவர், நாமக்கல்

இரண்டும் சரி. கீழே இருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். பின்பற்றுவது. மேலே இருந்தால் தேர்டு ஆங்கிள், அமெரிக்க வழக்கம். படத்தின் பெயர்க்கட்டத்தில் தலை வெட்டிய கூம்பின் இரண்டு தோற்றங்கள் குட்டியாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பார்க்காமல் செய்தால் பாகம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக வந்து நிற்கும். சமச்சீரான பாகத்தில் தப்பித்துவிடலாம், ஒரு பக்கம் மட்டும் துளை இருக்கிற பிராக்கெட்டில் மாட்டிக்கொள்வீர்கள். இணையத்தில் இறக்கிய கேட் கோப்பாக இருந்தால் அந்தக் கூம்பை இரண்டு முறை பாருங்கள்.

சி.எஸ்.இ. மாணவன். மைனரில் மெட்ராலஜி. வரைபடத்தில் '25 எச்7/ஜி6' என்று இருக்கிறது. அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இதன் பொருள் என்ன?
– கோயம்புத்தூர்

மனப்பாடம் வேண்டாம், ஒரே ஒரு ஜோடியை முழுசாகப் போட்டுப் பாருங்கள், மீதி தானாக வரும்.

25 என்பது பெயரளவு, மில்லிமீட்டரில். பெரிய எழுத்து துளைக்கு, சிறிய எழுத்து ஷாஃப்ட்டுக்கு. எழுத்து, அளவு எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறது. எண், எவ்வளவு பிசகலாம் என்று சொல்கிறது. துளையின் எச் என்றால் சரியாக 25.000-இல் தொடங்கி மேலே மட்டும் போகலாம். 7 என்ற தரத்துக்கு இந்த அளவில் 21 மைக்ரான். ஆக, துளை 25.000 முதல் 25.021 வரை. ஷாஃப்ட்டின் ஜி, 25-க்கு 7 மைக்ரான் கீழே தொடங்குகிறது. 6 என்ற தரத்துக்கு 13 மைக்ரான். ஆக, ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை.

இப்போது மோசமான இரண்டு சந்திப்புகளைப் பாருங்கள். சின்னத் துளையில் பெரிய ஷாஃப்ட் வந்தால் இடைவெளி 0.007. பெரிய துளையில் சின்ன ஷாஃப்ட் வந்தால் 0.041. எந்த ஷாஃப்ட்டை எந்தப் புஷ்ஷில் போட்டாலும் எண்ணெய்ப் படலத்தோடு வழுக்கிச் சுற்றும். ஜி6-க்குப் பதில் பி6 (ஆங்கில p) போட்டால், ஷாஃப்ட் 25.022 முதல் 25.035. இப்போது எப்போதுமே ஷாஃப்ட் துளையைவிடப் பெரிது. கையால் போகாது, பிரெஸ்ஸில் வைத்துத்தான் அழுத்த வேண்டும்.

துளையை ஏன் ‘எச்’ என்ற எழுத்திலேயே நிறுத்திவிட்டு ஷாஃப்ட்டை மட்டும் மாற்றுகிறார்கள்? துளையை முடிப்பது ரீமர். 24.75 டிரில் போட்டு 25 எச்7 ரீமர் விட்டால் அந்த ரீமரின் அளவுதான் வரும். வேறு அளவு வேண்டுமென்றால் வேறு ரீமர் வாங்க வேண்டும். ஷாஃப்ட்டை லேத்திலோ கிரைண்டரிலோ எந்த அளவுக்கும் இறக்கலாம், செலவில்லை.

லேபில் அதிகம் நடக்கிற தவறு, இந்த ஷாஃப்ட்டை வெர்னியரில் அளந்து 'பாஸ்' என்று எழுதுவது. வெர்னியரின் மிகச்சிறு அளவு 0.02. நீங்கள் சோதிக்க வேண்டிய மொத்த இடமே 0.013. முழம் போட்டு விரற்கடையை அளக்கிற வேலை அது. 0.01 மைக்ரோமீட்டர்கூட இங்கே இழுபறிதான், 0.001 வரை காட்டுவது வேண்டும். ஆயிரக்கணக்கில் செய்யும் இடங்களில் அளக்கவே மாட்டார்கள். 'கோ', 'நோ–கோ' என்று இரண்டு வாயுள்ள கேஜை வைத்து, ஒன்று நுழைய வேண்டும், மற்றது நுழையக்கூடாது என்று பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். நீங்கள் சி.எஸ்.இ. என்பதால் எளிதாகச் சொல்லலாம்: அது பூலியன்.

லேத்தில் 25 மி.மீ. ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டர் வைத்துச் சரியாக முடித்தேன். மறுநாள் அளந்தால் 0.01 குறைகிறது. அதே ஷாஃப்ட்டின் ஒரு முனை மறுமுனையைவிடத் தடித்திருக்கிறது. மெஷின் கோளாறா?
– மாணவர், ஓசூர்

முதலாவது மெஷின் கோளாறு அல்ல, சூடு. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். கடைந்தவுடன் துண்டு அறையைவிட 30 டிகிரி சூடாக இருந்தால் 25 மி.மீ. விட்டத்தில் 9 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். மேலே சொன்ன ஜி6-இன் மொத்தச் சலுகையில் அது முக்கால் பங்குக்கு அருகில். கடைசி வெட்டுக்கு முன்பு கூலன்ட் விட்டு, கையில் பிடித்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, பிறகு அளந்து, பிறகு வெட்டுங்கள். அளவுகளுக்கான நிலையான வெப்பநிலை 20 டிகிரி. நம்மூர் லேப் 32-இல் இருந்தாலும் எஃகுத் துண்டும் எஃகு மைக்ரோமீட்டரும் சேர்ந்தே விரிவதால் பெரிதாகப் பாதிக்காது. அலுமினியத் துண்டு என்றால் அந்த வசதி கிடையாது, அது ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

இரண்டாவது, துண்டு வளைவது. சக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை தடித்திருந்தால், டூல் தள்ளும்போது அது விலகிப்போய்க் குறைவாக வெட்டுப்படுகிறது என்று பொருள். நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. விட்டத்தைப்போல மூன்று, நான்கு மடங்குக்கு மேல் நீட்டினால் டெயில்ஸ்டாக் சென்டரை முட்டுக் கொடுங்கள். முட்டுக் கொடுத்தும் டேப்பர் (முனைக்கு முனை விட்டம் மாறுவது) வந்தால் டெயில்ஸ்டாக் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது, அப்போது மெஷினைச் சந்தேகப்படலாம்.

வேகத்தையும் சரிபாருங்கள். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 28 மீட்டர் என்று வைத்தால், 28-ஐ 1000-ஆல் பெருக்கி, 3.14 × 25-ஆல் வகுக்க 357 சுற்று வரும். கியரில் அந்த எண் இருக்காது, அதற்குக் கீழே உள்ளதைப் போடுங்கள். முகம் சீவும்போது நடுவில் சின்னக் குமிழ் மிஞ்சினால் டூல் நுனி சென்டருக்குக் கீழே இருக்கிறது, அடியில் தகடு வைத்து உயர்த்துங்கள். கிராஸ் ஸ்லைடு டயல் சில லேத்தில் ஆரக்கணக்கில் இருக்கும்: 0.1 கொடுத்தால் விட்டத்தில் 0.2 போய்விடும். புது மெஷின் என்றால் ஒரு வெட்டுப் போட்டு அளந்து பார்த்த பிறகே டயலை நம்புங்கள். தாண்டிப் போய்விட்டால் டயலை அப்படியே பின்னால் திருப்பி நிறுத்தாதீர்கள். ஒரு சுற்றுப் பின்வாங்கி, மறுபடி முன்னோக்கி வந்து நிறுத்தினால்தான் ஸ்குருவின் தொய்வு (பேக்லாஷ்) ஏமாற்றாது.

இ.சி.இ., சி.எஸ்.இ. பிள்ளைகள் பட்டறைக்குப் புதிது என்பதால் ஒரு வார்த்தை: லேத்தில் கையுறை கூடாது, சுருள் சீவல் பற்றினால் கையோடு இழுக்கும். சக் சாவியைக் கையிலிருந்து விடுவதென்றால் மேஜைமேல்தான், சக்கில் விட்டுவிட்டுத் திரும்பக்கூடாது.

யு.டி.எம்.மில் (இழுவைச் சோதனை மெஷினில்) 10 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடை இழுத்தோம். யீல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் நிலை), அல்டிமேட் (தாங்கும் உச்சம்) இரண்டும் புத்தகத்தோடு ஒத்துவருகின்றன. யங்ஸ் மாடுலஸ் (விறைப்பின் அளவு) மட்டும் 11 ஜிகாபாஸ்கல் வருகிறது, வர வேண்டியது 200. எங்கே பிழை?
– மாணவிகள் குழு, சேலம்

பிழை உங்கள் கணக்கில் இல்லை, நீட்சியை எங்கே அளந்தீர்கள் என்பதில் இருக்கிறது.

10 மி.மீ. ராடின் பரப்பு 78.5 சதுர மி.மீ. 200 மெகாபாஸ்கல் ஸ்டிரெஸ் வர 15.7 கிலோநியூட்டன் போதும். கேஜ் நீளம் (நீட்சியை அளக்கக் குறித்த பகுதி) 50 மி.மீ. என்றால் அந்தச் சுமையில் ராடு உண்மையில் நீள்வது 0.05 மி.மீ. மட்டும். ஒரு தலைமுடியின் தடிமன், அவ்வளவுதான். உங்களுக்கு 11 வந்திருக்கிறது என்றால் நீங்கள் குறித்த நகர்வு கிட்டத்தட்ட 0.9 மி.மீ. அதில் ராடின் பங்கு 0.05. மீதி எல்லாம் பிடிப்பான் பல் ராடில் இறங்கியது, கிரிப்பில் வழுக்கியது, கேஜ் நீளத்துக்கு வெளியே உள்ள பகுதி நீண்டது, மெஷின் சட்டமே இழுபட்டது. கிராஸ்ஹெட் (மெஷினின் நகரும் குறுக்குச் சட்டம்) நகர்வை வைத்து மாடுலஸ் கணக்கிட்டால் எந்தக் கல்லூரியிலும் இப்படித்தான் வரும்.

ராடின் மீதே மாட்டுகிற எக்ஸ்டென்சோமீட்டர் வேண்டும். மாட்டும் முறை: முதலில் கேஜ் நீளத்தைப் புள்ளிக்குத்தியால் குறியுங்கள், ஆழமாக அடிக்காதீர்கள், அங்கேயே முறியும். ராடைக் கிரிப்பில் பிடித்து 1 கிலோநியூட்டன் வரை ஏற்றி வழுக்கலை எடுத்துவிடுங்கள். பிறகு எக்ஸ்டென்சோமீட்டரை மாட்டிப் பூஜ்யம் வைத்து, 2 கிலோநியூட்டனுக்கு ஒருமுறை படியுங்கள். 16-ஐத் தாண்ட வேண்டாம். யீல்டு 19.6 கிலோநியூட்டன் அருகில் வரும், அதற்கு முன்பே கருவியைக் கழற்றிவிட வேண்டும். ராடு முறியும்போது மாட்டியிருந்தால் கருவி போச்சு.

யீல்டும் அல்டிமேட்டும் சரியாக வந்ததற்குக் காரணம், அவற்றுக்குச் சுமையும் பரப்பும் மட்டும் போதும், நீட்சி தேவையில்லை. ஐ.எஸ். 2062-இன் இ250 தரம் என்றால் யீல்டு 250, அல்டிமேட் 410-க்குக் குறையாமல், நீட்சி 23 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முறிந்த இரு துண்டுகளைச் சேர்த்து வைத்து 50 என்பது 62 ஆகியிருந்தால் 24 சதவீதம், சரி. முறிவு கேஜ் குறிக்கு வெளியே விழுந்திருந்தால் அந்த நீட்சியை எழுதாமல் வேறு ராடு போடுங்கள். ரெக்கார்டில் 200 என்று திருத்தி எழுதாதீர்கள். 11 என்று எழுதி, ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். வைவாவில் கேட்டால் அதுவே உங்களுக்குப் பேச்சு.

ஈ.ஈ.ஈ. பிராஜெக்டுக்கு ஒரு மி.மீ. தகட்டில் எல் வடிவ மூடி. ஒரு பக்கம் 50, மறுபக்கம் 30. 80 மி.மீ. வெட்டி மடித்தால் 30 வர வேண்டிய பக்கம் 32 மாதிரி வருகிறது.
– மாணவர், மதுரை

80 வெட்டியதுதான் தவறு. தகடு மடியும்போது வெளித்தோல் நீள்கிறது, உள்தோல் சுருங்குகிறது. நடுவில், உள்முகத்திலிருந்து தடிமனில் சுமார் 0.4 பங்கு தூரத்தில் ஒரு கோடு மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. அந்தக் கோட்டின் நீளத்தைத்தான் வெட்ட வேண்டும். உள் ஆரம் 1 மி.மீ. என்றால் வளைவுப் பகுதி 1.571 × 1.4, அதாவது 2.2. நேர்ப்பகுதிகள் 50-இல் 2 போக 48, 30-இல் 2 போக 28. கூட்டினால் 78.2. நீங்கள் 1.8 அதிகம் வெட்டியிருக்கிறீர்கள், அது 30 பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த 0.4 எல்லா மெஷினுக்கும் ஒரே மாதிரி வராது. அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டி, அதே பிரெஸ் பிரேக்கில், அதே டையில் மடித்து இரண்டு பக்கத்தையும் வெளிப்புறமாக அளந்து கூட்டுங்கள். 101.8 வந்தால், ஒரு மடிப்புக்கு 1.8 கழிக்க வேண்டும். புத்தகத்தைவிட இந்தத் துண்டு நம்பகமானது.

கனெக்டர் துளைகளை மடிப்புக் கோட்டை ஒட்டிப் போடாதீர்கள், மடிக்கும்போது முட்டை வடிவமாகும். துளையின் விளிம்புக்கும் மடிப்புக்கும் நடுவில் தடிமனைப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும். பவுடர் கோட்டிங் கொடுக்கும் முன்பு எர்த் ஸ்டட் இருக்கும் இடத்தை டேப் ஒட்டி மறைத்துக் கொடுங்கள். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஈ.ஈ.ஈ. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், அடிக்கடி மறக்கப்படுவது இதுதான்.

நியூமாட்டிக் சிலிண்டர் வெளியே தள்ளும்போது பலமாக இருக்கிறது, உள்ளே இழுக்கும்போது திணறுகிறது. பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) புரோகிராமில் ஏதாவது மாற்ற வேண்டுமா?
– மாணவி, ஸ்ரீபெரும்புதூர்

புரோகிராமில் ஒன்றும் இல்லை. 32 மி.மீ. சிலிண்டரில் 6 பார் காற்று வெளியே தள்ளும் விசை சுமார் 482 நியூட்டன். இழுக்கும்போது 12 மி.மீ. ராடு அடைக்கும் பரப்பு போய்விடுகிறது, விசை 415. எடையைத் தூக்குவது எந்தத் திசையில் என்று பார்த்துச் சிலிண்டரைத் திருப்பி மாட்டுங்கள், அல்லது 40 மி.மீ. போடுங்கள். உராய்வுக்காகக் கணக்கில் நாலில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது நல்லது. திணறலோடு குதித்துக் குதித்து நகர்ந்தால் ஃபுளோ கன்ட்ரோல் திசை தவறியிருக்கலாம்: உள்ளே வரும் காற்றைக் கட்டுப்படுத்தாமல் வெளியேறும் காற்றைக் கட்டுப்படுத்தும்படி மாட்டுங்கள்.

என்.பி.டெல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழி) தாள்களாலேயே மைனரை முடித்துவிடலாமா?
– மாணவர், விருதுநகர்

உங்கள் பல்கலைக்கழகம் எத்தனை தாள் வரை ஏற்கும் என்று விதிமுறையில் இருக்கும், அதற்குள் செய்யலாம். 12 வாரம் 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1 என்பது வழக்கமான மாற்று. மதிப்பெண்ணில் அசைன்மென்ட் 25, நேரில் எழுதும் தேர்வு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக வாங்கினால்தான் சான்றிதழ். மெட்டீரியல்ஸ், ஸ்டிரெங்த் மாதிரித் தாள்கள் அங்கே நன்றாகவே இருக்கின்றன. மெட்ராலஜியையும் மேனுஃபாக்சரிங்கையும் கல்லூரியிலேயே எடுங்கள். மைக்ரோமீட்டரின் ரேச்சட்டை எத்தனை 'டிக்' திருப்ப வேண்டும் என்பது வீடியோவில் கைக்கு வராது.

மைனரை வைத்து பொதுத்துறை நிறுவனங்களின் மெக்கானிக்கல் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், திருச்சி

அறிவிப்பில் என்ன பட்டம் கேட்டிருக்கிறார்களோ அதுதான். 'மெக்கானிக்கலில் பி.இ.' என்று இருந்தால் மைனர் போதாது. கேட் (GATE) தேர்வை மெக்கானிக்கல் தாளில் நீங்கள் எழுதலாம், எம்.டெக். சேர்க்கைக்குச் சில இடங்களில் உதவும். ஆனால் அங்கும் எந்த இளநிலைப் பட்டத்தை ஏற்பார்கள் என்று அந்தந்தத் துறையின் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் சி.எஸ்.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். மைனராக மெக்கானிக்கல் எடுக்கட்டுமா?
– கரூர்

வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை மறுபடி வாங்கிக் காசையும் நேரத்தையும் கொடுக்கிறீர்கள். டிப்ளமோவும் சி.எஸ்.இ.யும் சேர்ந்தாலே சி.என்.சி., கேட் மென்பொருள் பக்கம் நல்ல ஜோடி.

மைனருக்குச் சொந்தமாக என்ன கருவி வாங்கி வைத்துக்கொள்வது?
– மாணவி, திண்டுக்கல்

150 மி.மீ. வெர்னியர் ஒன்று, 0–25 மைக்ரோமீட்டர் ஒன்று, 150 மி.மீ. ஸ்டீல் ரூல் ஒன்று. போதும். மீதி எல்லாம் லேபில் இருக்கும். டிஜிட்டலை விடச் சாதா வெர்னியரில் தொடங்குங்கள், படிக்கப் பழகுவீர்கள், பேட்டரியும் தீராது. கடையில் வாங்கும்போது தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.